பத்திரமாக எடுத்த ‘இல்லை’

லிப்ட் வாரியத்தைப் பற்றி யாராவது உங்களிடம் குறை சொன்னால் நம்பாதீர்கள். நகரத்தில் இருக்கிற அத்தனை அரசுக் கட்டடங்களின் லிப்ட்டுகளையும் அதுதான் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. ஏறினவர்கள் இறங்குகிறார்கள், இறங்கினவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். இதற்கு மேல் ஒரு வாரியம் என்னதான் செய்துவிட முடியும்? லிப்ட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாரியத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எட்டு மாடி நிறைய இருந்தார்கள்.

மூன்றாவது மாடியில், தண்ணீர்க் கேனை ஒட்டிய மேசையில் பதிவு மேடம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு லிப்ட்டும் என்ன செய்தாலும் கம்ப்யூட்டர் அதை ஒரு வரியாக எழுதும். கதவு திறந்தது, கதவு மூடியது, நின்றுவிட்டது, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள் என்று. அந்த வரிகள் போகவேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வருஷம் ஆகிவிடும் என்று சூப்பிரண்டு சொல்லியிருந்தார். போன வருஷமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

வரிகள் போகவேண்டிய இடம் ஒரு கோப்பு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிவப்புப் பொத்தான் என்று வரி வந்தால் மெக்கானிக்கை அனுப்புவார்கள். வேண்டுமானால் கோப்புக்குப் போவதைத் திருப்பி ஒரு திரைக்கு அனுப்பிவிடலாம், அப்போது கோப்புக்கு ஒன்றும் போகாது. திரையில் ஓடினது ஓடினதுதான், எங்கேயும் தங்காது.

அன்றைக்கு மத்தியானம் எதையோ சோதித்துப் பார்க்கத் தலைமை அலுவலக லிப்ட்டின் வரிகளைக் கோப்பிலிருந்து தன் திரைக்குத் திருப்பினாள். இரண்டு நிமிஷ வேலை. அதற்குள் சூப்பிரண்டின் பிரின்டர் காகிதத்தை மென்றுகொண்டு துப்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. கூப்பிட்டார்கள், போனாள். திரும்பி வந்தபோது பசி காதை அடைத்தது. டிபன் டப்பாவைத் திறந்தாள். திருப்பினதைத் திரும்ப மாற்றவேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் வரி வந்தது. தலைமை அலுவலக லிப்ட், சிவப்புப் பொத்தான் அழுத்தப்பட்டது. அவள் பார்த்தாள். தன்னுடைய சோதனை வரிதான் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி வந்தது. மறுபடியும். ஒன்றன் கீழ் ஒன்றாக அதே வரி விழுந்துகொண்டே இருந்தது. “சே, ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடுதா பாரு” என்று இடது கையால் அதை மூடிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். பாவி, அவ்வளவுதான் அவள் செய்தது.

அந்த நேரத்தில் லிப்ட்டுக்குள் இருந்தவர் வாரியத்தின் துணைத் தலைவர். எட்டாவது மாடிக் கூட்டத்தில் ‘தடையற்ற சேவை’ என்ற தலைப்பில் பேசப் போய்க்கொண்டிருந்தார். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. கூட இருந்தது லிப்ட்டை இயக்குகிற லிப்ட் அண்ணன் மட்டும்தான். துணைத் தலைவர் தன் போனைத் தானே தூக்குகிற வழக்கம் இல்லை. அதை உதவியாளர்தான் தூக்கிக்கொண்டு வருவார், உதவியாளர்கள் அந்த லிப்ட்டில் ஏறக்கூடாது என்று விதி. வேலை நேரத்தில் லிப்ட் அண்ணன் போன் வைத்திருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. உதவியாளர் படியேறி எட்டாவது மாடிக்குப் போய், ஐயா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது தன் தகுதிக்கு மீறியது என்று சும்மா நின்றுகொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, தரை துடைக்கிற பெண் உள்ளே யாரோ சொற்பொழிவு செய்கிற சத்தம் கேட்டு ஆள் கூப்பிட்டாள். கதவை நெம்பித் திறந்தபோது துணைத் தலைவர் பேச்சின் முடிவுரையில் இருந்தார். லிப்ட் அண்ணன் கை தட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்க்கப் போன பதிவு மேடத்துக்குத் திடீரென்று அந்த வரி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் சூப்பிரண்டிடம் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் கையில் ஒரு பசை நாடாவோடு அறைக்குள் பாய்ந்துவிட்டார்.

“யாரும் எதையும் தொடாதீங்க! எல்லாம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்! விசாரணை வருது!”

அவள் கம்ப்யூட்டரைச் சுற்றியும் நாடா ஒட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவன் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன், எதையும் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பான். “உன்னைக் கேட்டாங்களா?” என்றான். இல்லை என்றாள். “கேக்காம எதுக்கு வாயைக் கொடுக்கறே? நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றான். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று அப்புறம் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

மறுநாள் காலையில் லிப்ட் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். லிப்ட் நின்றும் பொத்தானை அழுத்தவில்லை என்பது குற்றம். அவர் அழுத்தினேன் என்றார். கட்டுப்பாட்டு அறை, வரி வரவில்லை என்றது. பக்கத்திலேயே நின்ற துணைத் தலைவரிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, எழுத்து மூலமாகவே பதில் கொடுத்தார்: ‘நான் கதவைப் பார்த்து நின்றிருந்தேன். என் பதவியில் இருப்பவர்கள் பொத்தான்களைப் பார்ப்பதில்லை. “அழுத்திட்டேங்கய்யா, அழுத்திட்டே இருக்கேங்கய்யா” என்று இவர் சொன்னது காதில் விழுந்தது. சொன்னதற்கு நான் சாட்சி. அழுத்தியதற்கு நான் சாட்சி அல்ல.’

சரி, கம்ப்யூட்டர் எழுதிய வரிகள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டால் போயிற்று என்று முடிவாயிற்று. அதற்கு அந்தக் கோப்பின் பாதை வேண்டும். இங்கேதான் கதை ஐந்தாவது மாடிக்கு ஏறுகிறது.

பாதை என்பது ஒன்றும் பிரமாதம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற விலாசம். வரிகள் கோப்புக்குப் போனால் பாதை உண்டு, திரைக்குப் போனால் பாதை கிடையாது. இல்லாததை ‘எடு, கொடு’ என்று சட்டையைப் பிடித்துக் கேட்டால் கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திவிடும். அதனால் முதலில் ‘பாதை உண்டா?’ என்று கேட்கவேண்டும். உண்டு என்றால் வாங்கிக்கொள்வது, இல்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டு நகர்வது. பதிவு மேடம் மாதிரி ஆட்கள் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஒரு காலத்தில் யாரோ அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஒரு பிற்பகல் முழுக்க நகரத்தின் லிப்ட்டுகள் எல்லாம் அங்கங்கே தொங்கின. மறுநாளே அந்த வரியைச் சேர்த்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வாரியத்துக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய ஆபத்தை ஒரே ஒரு வரியை நம்பியா விடுவது? ஐந்தாவது மாடியைக் காலி செய்து ‘பாதுகாப்பாகப் பாதை பெறும் பிரிவு’ என்று தொடங்கினார்கள். வரியை நீக்கிவிட்டு அந்த வேலைக்கு ஆட்களைப் போட்டார்கள். பிரிவின் தலைவரை எல்லோரும் மீட்பு ஐயா என்று கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு காரும், காருக்கு ஒரு குடையும் இருந்தன.

அந்தப் பிரிவில் யாரும் எதையும் நேராகக் கேட்கமாட்டார்கள், அது ஆபத்து. டீக்காரர் வாளியோடு வந்து நின்றால், “டீ இருக்கா?” என்பார்கள். “இருக்கு சார்” என்பார். “இருக்கறதைக் கேக்கலாமா?” என்பார்கள். “கப்பை நீட்டித் தொலைங்க சார், ஆறிப்போவுது” என்பார் டீக்காரர். கேட்காமலே ஊற்றிவிடுகிறார் என்று அவர்மேல் ஒரு புகார் நிலுவையில் இருந்தது.

லிப்ட் கோப்பின் பாதையைப் பெறும் வேலைக்குத் துணையாகப் பதிவு மேடத்தையே அனுப்பினார் சூப்பிரண்டு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போய்ப் பார்த்தால் பாதை இல்லை என்று உடனே தெரிந்துவிடும், ஏன் இல்லை என்று கேட்பார்கள், தான் மாட்டிக்கொள்வோம். மாட்டிக்கொண்டால் நல்லதுதானே என்று ஒரு மனசு சொன்னது. மாட்டிக்கொள்ளாமலும் லிப்ட் அண்ணன் தப்பிக்க ஏதாவது வழி இருக்காதா என்று இன்னொரு மனசு கணக்குப் போட்டது.

பாவம் அவள். ஐந்தாவது மாடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பாதை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், அப்படிக் கேட்பது பாதுகாப்பானதா என்று கேட்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு கூடலாமா என்று கேட்க இன்னொரு குழு. ஒரு கூட்டத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, வந்தவர்கள் இருக்கிறார்களா என்று உறுதிசெய்யும் அதிகாரி விடுப்பில் இருப்பது தெரிந்தது. இருந்தவர்கள் எல்லோரும், தாங்கள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

இதற்கிடையில் லிப்ட் அண்ணன் தினமும் காலையில் வந்து கீழே படிக்கட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டால் கிடைக்கவேண்டும் என்று உத்தரவு. சீருடையைப் போடக்கூடாது என்றும் சொல்லியிருந்ததால் சட்டை மட்டும் வேறு. நிற்பதும் வணக்கம் வைப்பதும் பழையபடிதான். அவள் அவசரமாக ஓடிவருகிற நாட்களில் கதவு மூடாமல் தன் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் லிப்ட்டை விட்டுப் படியில் ஏற ஆரம்பித்தாள். படிக்கட்டுப் பக்கத்தில்தான் பெஞ்சு இருந்தது. குற்றம் செய்தவளுக்கு ஒதுங்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

“பதிவு மேடம், பாதை கிடைச்சுதா?”

“பாத்துட்டிருக்காங்க அண்ணே.”

“நீங்க கூட இருக்கீங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துது. வீட்டுல இவ வேற தினமும் பிடுங்கி எடுக்கறா. ‘ஒரே ஒரு பொத்தான்தானேய்யா உன் வேலை, அதைக்கூட அழுத்தலையா’ன்னு. நான் அழுத்தினேன் மேடம்.”

“தெரியும் அண்ணே” என்று வாய்வரை வந்துவிட்டது. “சீக்கிரம் முடிஞ்சிடும் அண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறினாள். அன்றைக்கு மூன்றாவது மாடி முப்பதாவது மாடியாக இருந்தது.

கடைசியில் கேட்கும் நாள் வந்தது. ஐந்தாவது மாடிக் கூடத்தின் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சுற்றி ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலைக்கவசம் கொடுத்தார்கள். பதிவு மேடத்துக்குக் கொடுத்தது பெரிதாக இருந்து மூக்குவரை இறங்கியது. தீயணைப்புக் கருவியோடு ஒருவர், முதலுதவிப் பெட்டியோடு ஒருவர், ஏதாவது ஆனால் “ஐயோ” என்று சொல்லுவதற்கென்று ஒருவர். விசையைத் தட்டப்போகிற குமாஸ்தாவின் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் போன மாதம் கல்யாணமானவன். போனில் மனைவியோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மீட்பு ஐயா பேசினார்.

“தோழர்களே! வெளியே இருக்கறவங்க நம்மைப் பாத்து, ‘இத்தனை பேர் சேந்து என்ன கண்டுபிடிச்சீங்க’ன்னு கேக்கறாங்க. நாம எதையும் கண்டுபிடிக்கறதுக்காக இங்கே இல்லை. அது ரொம்ப சின்ன வேலை. எதையாவது தேடப் போனா ஏதாவது கிடைச்சிடும்ங்கற ஆபத்து எப்பவும் இருக்கு. அந்த ஆபத்திலிருந்து வாரியத்தைக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை. இந்தப் பிரிவு தொடங்கின நாளிலிருந்து ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது. ஒரு பாதையும் கிடையாது!”

கைதட்டல் அடங்கியதும் குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினான். ‘பாதை உண்டா?’ என்ற கேள்வி போயிற்று. திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: இல்லை.

பதிவு மேடம் தலைக்கவசத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, இப்போது ஏன் இல்லை என்று கேட்கப்போகிறார்கள். சொல்லிவிடலாம், எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தாள்.

கூடம் அதிர்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கயிறு பிடித்தவர்கள் குமாஸ்தாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கயிறு அவிழ்க்கப்படாததால் அவன் கொஞ்சம் திணறினான். ஒரு ‘இல்லை’யை இவ்வளவு பத்திரமாக, ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுத்தது இதுதான் முதல் தடவை என்று மீட்பு ஐயா கண் கலங்கினார். எல்லோருக்கும் இனிப்பு வந்தது. துணையாக இருந்த பதிவு மேடத்தின் பெயரையும் பாராட்டுச் சான்றிதழில் சேர்க்கச் சொன்னார்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்கே போய் நின்றாள்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்றதுக்கு இருக்கா?”

“இருக்குங்கய்யா.”

“பாரு, முறையா ஆரம்பிச்சிருக்கே. இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு! சொல்லு.”

“அன்னைக்கு அந்த வரியெல்லாம் கோப்புக்குப் போகாம நான்தான் என் திரைக்குத் திருப்பினேன். திரும்ப மாத்த மறந்துட்டேன். அதான் கட்டுப்பாட்டு அறைக்கு ஒண்ணும் தெரியல. லிப்ட் அண்ணன் அழுத்தினார்ங்கய்யா. திரும்பத் திரும்ப அழுத்தினார். நான் பார்த்தேன். பார்த்துட்டு மூடிட்டேன்.”

மீட்பு ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கதவை ஒருதரம் பார்த்தார்.

“இதை நான் உன்னைக் கேட்டேனா?”

“இல்லைங்க. ஆனா—”

“கேக்காத கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னா எத்தனை ஆபத்துன்னு தெரியுமா? இங்கே எத்தனையோ பேர் வந்து உண்மையைச் சொல்லப் பாத்திருக்காங்க. ஒருத்தரையும் நான் சொல்ல விட்டதில்லை. ஏன் விடல? உண்மைன்னா அதை வெக்கறதுக்கு ஒரு இடம் வேணும். எங்கே வெப்பே? உன்கிட்டே பாதை இருக்கா?”

“நான் மனுஷிங்கய்யா.”

“அதை நான் கேக்கல. இருக்கா, இல்லையா?”

“இல்லைங்க.”

“அப்ப முடிஞ்சுது. கம்ப்யூட்டரும் இல்லைன்னுச்சு, நீயும் இல்லைங்கறே. ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க.” அவர் முகம் மலர்ந்தது. “உன் மாதிரி ஆளுங்க நிரந்தரமாவே இங்கே இருக்கணும்மா. நான் எழுதறேன்.”

“ஐயா, அப்ப லிப்ட் அண்ணன்?”

“அதுக்குத்தான் இயல்பு மதிப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ஒண்ணு இல்லைன்னா அந்த இடம் காலியா கிடக்கக்கூடாது பாரு, அங்கே என்ன போடணும்ங்கறதை வாரியம் ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிட்டுது. ‘ஊழியரின் கவனக்குறைவு.’ இதுல யாரோட தலையீடும் கிடையாது. தானா வந்து உக்காந்துக்கும்.”

“நானும் ஊழியர்தானேங்கய்யா. கவனக்குறைவு என்னோடதுதான்.”

“நீ லிப்ட்டுக்குள்ளே இருந்தியா?”

அவள் வெளியே வந்தபோது கையில் சான்றிதழும் ஒரு இனிப்புப் பொட்டலமும் இருந்தன. அந்த வாரமே நிரந்தர உத்தரவும் வந்தது. புருஷன், “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றான். அவள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்தாள்.

லிப்ட் அண்ணனைக் கடைசி விசாரணைக்கு எட்டாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். அவள் அன்றைக்குப் படியேறி அங்கேயே போய் நின்றாள். அவர் நடைக்கூடத்து ஜன்னல் பக்கம் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். அவளைப் பார்த்ததும் எப்போதும்போல வணக்கம் வைத்தார்.

“வாங்க மேடம். நீங்களே வந்துட்டீங்க. இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. ‘பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன்’னு எழுதியிருக்கு. போட்டா பென்ஷனோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். போடலேன்னா அதுவும் கிடையாதாம்.” குரலைத் தாழ்த்தினார். “மேடம், உங்ககிட்டே ஒண்ணு கேக்கறேன். மெஷின் பொய் சொல்லாதுல்ல? எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. அழுத்தினதா நினைச்சுக்கிட்டு சும்மா நின்னுட்டேனோ என்னமோ. கை பதறிச்சு. பெரியவர் வேற பக்கத்துல. தினமும் எல்லாரும் அழுத்தல அழுத்தலன்னு சொல்லச் சொல்ல, அப்படித்தான் நடந்துச்சுபோலன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு.”

பதிவு மேடம் இரண்டு பக்கமும் யோசித்தாள். சொன்னால் இந்த மனுஷன் கையெழுத்துப் போடமாட்டார், பென்ஷன் போய்விடும். சொல்லாவிட்டால் செய்யாத தப்பைச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே மிச்ச நாளை ஓட்டுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் அடிபட்டார். தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“அழுத்தினீங்க அண்ணே” என்றாள். “நான் பார்த்தேன். என் திரையில வந்துச்சு. திருப்பிவிட்டது நான்தான். எல்லாத் தப்பும் என்னோடது. மீட்பு ஐயாகிட்டே சொல்லிட்டேன், அவர் காதுலயே போட்டுக்கல. இப்ப உள்ளே வந்து துணைத் தலைவர் முன்னாடி சொல்றேன். நீங்க கையெழுத்துப் போடாதீங்க.”

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பல் தெரியச் சிரித்துவிட்டார்.

“அழுத்தினேனா! அதானே பார்த்தேன்! அழுத்தாம எப்படி இருப்பேன்? கட்டைவிரல் வீங்கிப்போச்சே மேடம் அன்னைக்கு. அதைக்கூட நானே மறந்துட்டேன் பாருங்க.” கையை நீட்டி விரலைக் காட்டினார். வீக்கம் எப்போதோ வடிந்திருந்தது.

“நான் உள்ளே வர்றேன் அண்ணே.”

“வந்து? ஐயாகிட்டே சொன்னதையே இவங்ககிட்டேயும் சொல்லப்போறீங்க. உங்க வேலை போவும், என் பென்ஷனும் போவும். அவங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.” காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுத்தைச் சரிபார்த்தார். “எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க மேடம். வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரிகிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா. படிச்சவங்க நீங்க சொன்னா நம்புவா.”

அன்று மாலையே அவரோடு போனாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஏன் மூடினீர்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வீடு ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், ஒற்றை அறை. வாசலை ஒட்டித் தையல் மெஷின். அவர் மனைவி தையல்காரி. ஏதோ பள்ளிக்கூடச் சீருடைகள் மடியிலும் தரையிலும் குவிந்து கிடந்தன. மெஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“இவங்கதான் நான் சொன்ன பதிவு மேடம்” என்றார் அவர். “கேளு, என்ன சொல்றாங்கன்னு கேளு.”

“அக்கா” என்று ஆரம்பித்தாள் பதிவு மேடம். “இவர் பொத்தானை அழுத்தினார்க்கா. ஒரு தடவை இல்ல, விடாம அழுத்திட்டே இருந்தார். என் கண்ணால பார்த்தேன். இவர்மேல ஒரு தப்பும் கிடையாது.”

மெஷின் நின்றது. தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் தேர்வில் பாஸான பிள்ளை மாதிரி நின்றார்.

“இதை வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதானேய்யா?”

“தினமும் சொன்னேனேடி!”

“ஆமா, சொன்னே” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலின் மேல் இருந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டாள். “உக்காரும்மா. இவ்வளவு தூரம் வந்து சொல்லணும்னு தோணிச்சே, நல்லா இரு.” நூலைக் கடித்துத் துப்பினாள். சட்டென்று கை நின்றது. “பார்த்தேன்னு சொன்னியே. பார்த்துட்டு?”

“என்னக்கா?”

“பார்த்துட்டு என்ன பண்ணே?”

வாரியத்தின் எட்டு மாடியிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. லிப்ட் அண்ணன், “விடு, அவங்க வேலையா இருந்திருப்பாங்க” என்று குறுக்கே வந்தார்.

“ஒண்ணும் பண்ணலக்கா” என்றாள் பதிவு மேடம். “தொந்தரவா இருக்குன்னு மூடிட்டு சாப்பிட்டேன். இவர் அழுத்தினது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாமப் போனதுக்கும் நான்தான் காரணம்.”

தையல்காரி குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினாள், மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப, இத்தனை நாளா இந்த மனுஷனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினதெல்லாம் உனக்குச் சேர வேண்டியது.”

“ஆமாக்கா.” தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வரட்டும், எல்லாம் வரட்டும், இதற்காகத்தானே வந்தோம் என்று காத்திருந்தாள்.

“என்கிட்டே இப்ப ஒண்ணும் மிச்சமில்லம்மா” என்றாள் தையல்காரி. “எல்லாத்தையும் இவர்மேலயே கொட்டித் தீத்துட்டேன். போயிட்டு வா.”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பதிவு மேடம் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.